காரின் உள்ளே தண்ணீர்: சிலிக்கான் வாங்குவதற்கு முன்

தாம்பரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழு வருடம் ஓடிய சிறிய கார். முன்னால் பயணி உட்காரும் இடப்பக்கம், காலடியில் ஈரம். மழை விட்டு நான்கு நாள் ஆகியும் காயவில்லை. பட்டறையில் முன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும் என்கிறார்கள். செலவைப் பார்த்துவிட்டு, தானே அடைத்துக்கொள்ள எந்த சிலிக்கான் பசை நல்லது என்று விசாரிக்கிறார். கேள்வி சிலிக்கானைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அவருக்குத் தெரிய வேண்டியது தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதுதான். அது தெரியாதவரை எந்தப் பசையை எங்கே பூசினாலும் வீண். ஆகவே வழியைக் கண்டுபிடிப்பதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். பசை கடைசியில் வரும்.

டிப்ளமோ முடித்த கையோடு பாடி வேலையில் சேர்ந்து, பிறகு ஏசி வேலையும் கற்றுக்கொண்டவன் நான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒழுகும் கார்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காரின் பல பாகங்களுக்குள் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டே காரைச் செய்கிறார்கள். கதவுக் கண்ணாடியில் வழிகிற மழை கதவுக்கு உள்ளேதான் இறங்குகிறது. முன் கண்ணாடியில் வழிகிறது வைப்பருக்குக் கீழே உள்ள தொட்டியில் விழுகிறது. ஏசி ஓடும்போது டேஷ்போர்டுக்குள்ளேயே தண்ணீர் உற்பத்தியாகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் வெளியே போக ஒரு வடிகால் உண்டு. என்னிடம் வந்த ஒழுகல்களில் பெரும்பாலானவை அந்த வடிகால் தூர்ந்துபோனதால் வந்தவை. அப்படிப்பட்ட காரில் வெளியே எங்கே பூசினாலும் ஒழுகல் நிற்காது. விவரம் புரியாமல் வடிகால் துளையையே அடைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

முதல் வேலை, உள்ளே கிடப்பது எந்தத் தண்ணீர் என்று பார்ப்பது. மிதியடியை எடுத்துவிட்டு, வெள்ளை டிஷ்யூ காகிதத்தைக் கார்பெட்டில் அழுத்தி எடுங்கள். பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறம் தெரிந்தாலோ, விரலில் தேய்த்தால் வழவழவென்று இருந்தாலோ, இனிப்பு கலந்த ஒரு வாசனை வந்தாலோ அது கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் காயிலோ அதற்குப் போகும் ஹோஸோ கசிகிறது என்று பொருள். முன் கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் போல மங்கும், பானெட்டுக்குள் கூலன்ட் டப்பாவின் அளவும் குறைந்துகொண்டே வரும். இதை வீட்டில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். டேஷ்போர்டையே இறக்க வேண்டி வரலாம், கூலன்ட் குறைந்த நிலையில் ஓட்டினால் என்ஜினும் கெடும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் குழந்தையோ நாயோ நக்கிவிடும் ஆபத்து உண்டு. அளவு பார்ப்பதற்காகச் சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

நிறமும் வாசனையும் இல்லாத தெளிந்த தண்ணீராக இருந்தால் ஏசி தண்ணீராக இருக்கலாம், மழைநீராகவும் இருக்கலாம். கேட்டவர் சொன்ன நான்கு நாள் இங்கே நல்ல தடயம். மழை இல்லாமலே நான்கு நாள் ஈரம் இருக்கிறதென்றால், ஒன்று புதிதாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, அல்லது பழைய தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கிக் கிடக்கிறது. கார்பெட்டுக்கு அடியில் பஞ்சு போன்ற தடித்த ஒரு விரிப்பு இருக்கிறது. லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மேலே காய்ந்ததுபோல் காட்டும். உள்ளங்கையை வைத்து உடல் பாரத்தோடு அழுத்துங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் ஊறி மேலே வந்தால் அடியில் இன்னும் நிறைய இருக்கிறது. காலையில் காரை எடுக்கும்போது கண்ணாடிகளின் உட்புறம் புகை போல ஆவி படிந்திருப்பதும் இதற்கு அடையாளம்.

ஏசி தண்ணீரா மழைநீரா என்று பிரித்து அறிய ஒரு நாள் ஏசி போட்டும், மறுநாள் ஏசி இல்லாமலும் ஓட்டுங்கள். இரண்டு நாளும் காலடியில் புதிய செய்தித்தாளை நான்காக மடித்து விரித்து வையுங்கள். ஏசி நாளில் மட்டும் மேலிருந்து சொட்டு விழுந்து தாள் நனைந்தால் விடை கிடைத்துவிட்டது. இன்னும் எளிதான சோதனையும் உண்டு. புழுக்கமான நாளில் ஏசியைப் போட்டுக் காரை நிறுத்தி வையுங்கள். என்ஜின் ஓடுவதால் காற்றோட்டமான வெளியிடமாக இருக்கட்டும். இருபது நிமிடம் கழித்துக் குனிந்து பாருங்கள். சென்னையின் ஈரக் காற்றில், ஒரு மணி நேர ஏசி ஓட்டத்தில் அரை லிட்டர் தண்ணீர் எளிதாக வடியும். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பெரும்பாலும் இடப்பக்கத்தில், தரையில் ஈரத் திட்டு இருக்க வேண்டும். தரை உலர்ந்து கிடந்தால் அந்தத் தண்ணீரெல்லாம் உள்ளே போகிறது. இடப்பக்கக் காலடியில் ஈரம் என்றதும் என் மனம் முதலில் போனது இங்கேதான். நம் ஊர்க் கார்கள் பெரும்பாலானவற்றில், காற்றைக் குளிர்வித்து அதன் ஈரத்தைத் தண்ணீராக்கும் கூலிங் காயில் கிளவ் பாக்ஸுக்குப் பின்புறத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

அந்த வடிகால் என்பது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாய். கூலிங் காயில் பெட்டியின் அடியிலிருந்து கிளம்பி, என்ஜினையும் காபினையும் பிரிக்கும் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். உள்ளே தூசியும் பாசியும் சேர்ந்து கூழாகி அடைத்துக்கொள்ளும். சில நேரம் வெளி வாயில் குளவி மண் கூடு கட்டிவிடும். வண்டிக்கு அடியில் துருத் தடுப்புப் பூச்சு அடித்தபோது வாயோடு சேர்த்து மூடியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நீளமான பிளாஸ்டிக் கேபிள் டையின் மெல்லிய முனையை மெதுவாக உள்ளே விட்டு அசைத்தால் போதும். அடைப்பு விட்டதும் ஒரு சொம்பு அளவு பழுப்புத் தண்ணீர் கொட்டும், முகத்தை நேர் கீழே வைத்துக்கொள்ளாதீர்கள். இரும்புக் கம்பி கூடாது. கூலிங் காயில் மெல்லிய அலுமினியம், குத்திவிட்டால் கேஸ் போய்விடும். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் கூடாது, உள்ளே குழாய் கழன்றுகொண்டால் பிறகு டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். ஸ்டெப்னி மாற்றத் தரும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அங்கேயே ஐந்து நிமிடத்தில் இதை முடித்துக்கொள்ளலாம். அண்மையில் கூலிங் காயில் மாற்றியிருந்தால், குழாயை ஒழுங்காக மாட்டாமலே டேஷ்போர்டை மூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஏசி வடிகால் சரியாக இருக்கிறதா? அடுத்தது வைப்பருக்குக் கீழே உள்ள கருப்பு பிளாஸ்டிக் கிரில். வேப்ப மரத்தடியிலோ தூங்குமூஞ்சி மரத்தடியிலோ வண்டியை நிறுத்துகிறவர்கள் முதலிலேயே இங்கே வரலாம். அந்தச் சிற்றிலைகள் கிரில் வழியாக உள்ளே விழுந்து, மழையில் ஊறி, மூலையில் இருக்கும் வடிகால் துளையில் மண்ணாக உறைந்துவிடும். பிறகு பெருமழையில் தொட்டி நிரம்பும். காபினுக்குக் காற்று இழுக்கும் வாயும் அதே தொட்டியில்தான் இருக்கிறது. நீர்மட்டம் அதன் விளிம்பைத் தாண்டினால், காற்றை உள்ளே தள்ளும் விசிறியான புளோயர் வழியாக இடப்பக்கக் காலடிக்கு நேராக இறங்கும். கிளவ் பாக்ஸைக் கழற்றி, காபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். அது நனைந்திருந்தாலோ, காய்ந்த நீர்க்கறை வளையம் வளையமாகத் தெரிந்தாலோ வேறு சாட்சி வேண்டாம். கிரில்லை எடுக்க வைப்பர் கைகளைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன், அவை நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது தடுமாற்றம் இருக்காது. குப்பையைக் கையால் அள்ளி எடுங்கள். துளைக்குள் குச்சியால் குத்தினால் இன்னும் ஆழத்தில் போய் இறுகிவிடும். முடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், முன் சக்கரங்களின் பக்கம் அது தடையில்லாமல் கொட்ட வேண்டும்.

கதவைப் பற்றி மூன்றாவதாகச் சொல்கிறேன் என்றாலும், கதவு வழியாக ஒழுகும் கார்கள் குறைவு என்று எண்ண வேண்டாம். கதவின் உள் தகட்டில், டோர் பேடுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கதவுக்குள் இறங்கும் மழைநீரை உள்ளே விடாமல் அடித் துளைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. ஸ்பீக்கர் மாற்றும்போதும் பவர் விண்டோ மோட்டார் மாற்றும்போதும் அதைக் கிழித்துவிட்டு, நாலு துண்டு செல்லோ டேப் ஒட்டி மூடிவிடுவார்கள். முதல் மழையிலேயே டேப் விட்டுவிடும். கதவைத் திறந்து மூடும்போது குடத்தில் தண்ணீர் அலம்புவது போலச் சத்தம் கேட்டால் அடித் துளைகள் மண்ணால் அடைத்திருக்கின்றன. ஒரு பல்குச்சி போதும். தாள் கிழிந்திருந்தால் பியூட்டைல் டேப் வாங்குங்கள். கருப்பு மெழுகு போல ஒட்டும், எப்போதும் இறுகாது, அடுத்த முறை கதவைப் பிரிக்கும்போது தாளைக் கிழிக்காமல் எடுக்கலாம். ஒட்டும்போது தாளின் கீழ் விளிம்பு கதவுக்கு உள்ளே தள்ளியிருக்க வேண்டும். அது வெளியே தொங்கினால் தண்ணீர் முழுவதும் தாளின் மேலே வழிந்து கார்பெட்டுக்குத்தான் வரும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலை அறியும் சென்சார் கதவுக்குள் ஏறும் காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்கிறது. அத்தகைய காரில் அந்தத் தாள் முழுமையாக ஒட்டியிருப்பது உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையது.

சில வருடம் முன்பு எங்கள் பட்டறைக்கு ஒரு செடான் வந்தது. முன் கண்ணாடியை வெவ்வேறு இடங்களில் இரண்டு முறை கழற்றி ஒட்டியிருந்தார்கள், ஒழுகல் நிற்கவில்லை. நான் காலடியில் தலையை வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் படுத்துக்கொண்டேன். உதவிக்கு இருந்த பையன் வெளியே ஹோஸைப் பிடித்தான். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, உள்ளே வரும் ஒயர் கட்டின் அடிப்புறத்தில் ஒரு சிறு பளபளப்பு தோன்றியது. அது ஒயரோடு ஒட்டிக்கொண்டே மெல்ல நகர்ந்து வந்தது, வளைவில் நின்றது, பருத்தது, ஃபியூஸ் பெட்டியின் மூலையில் சொட்டியது. வண்டியின் உரிமையாளர் கூடுதல் ஹாரன் வைத்திருந்தார். அதற்கான ஒயரை இழுக்க, தகட்டில் உள்ள ரப்பர் மூடியைப் பிளேடால் கீறியிருந்தார்கள். நூலைப் பிடித்துக்கொண்டு வடிவது போல மழைநீர் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. கீறலுக்குப் புது ரப்பர் மூடி போட்டோம். ஒயர் உள்ளே நுழையும் முன் ஒரு கொக்கி அளவுக்குக் கீழே தொங்கும்படி விட்டோம், அப்படி விட்டால் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே வெளியே சொட்டிவிடும். ஃபாக் லைட், ரிவர்ஸ் கேமரா, ஆம்பிளிஃபையர் என்று எதையாவது பின்னால் பொருத்திய காராக இருந்தால் அந்த ஒயர் போன தடத்தைத்தான் முதலில் தேடுவேன்.

நனைந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் தகட்டின் மடிப்பிலும் ஒயரிலும் ஒரு மீட்டர் தூரம்கூட ஓடிவந்து வேறு இடத்தில் சொட்டும். அதனால் ஹோஸ் சோதனையை ஒழுங்கோடு செய்ய வேண்டும். உள்ளே கார்பெட்டை விலக்கி, தகட்டைத் துடைத்துக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடர் தூவுங்கள், தண்ணீர் ஓடினால் கோடு விழும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே ஹோஸோடு. தண்ணீர் மெதுவாக வழிய வேண்டும். பிரஷர் வாஷர் அடித்தால் நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே வரும், சோதனை பொய்யாகிவிடும். எப்போதும் கீழிருந்து மேலே போங்கள். முதலில் கதவின் கீழ்ப்பகுதி, பிறகு கிரில், பிறகு கண்ணாடியின் கீழ் ஓரம், பக்க ஓரங்கள், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுமை வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். ஹோஸில் ஒன்றும் வராமல், தேங்கிய தண்ணீரில் ஓட்டிய அன்று மட்டும் நனைகிறது என்றால், தரைத் தகட்டில் உள்ள ரப்பர் மூடிகளில் ஒன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு பீடிங்கை, அதாவது ஓரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுக்கலாம். எல்லா இடத்திலும் இறுக்கமாக வந்து, ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பீடிங் தளர்ந்திருக்கிறது.

இனி கண்ணாடி. பட்டறையில் சொன்னது தவறு என்று வண்டியைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். முன்பு எப்போதாவது கண்ணாடி மாற்றிய வண்டி என்றால் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். கம்பெனியில் ஒட்டிய கண்ணாடி, கல் பட்டோ துருப் பிடித்தோ இல்லாமல், ஏழு வருடத்தில் தானாக விடுவது அரிது. ஹோஸைக் கண்ணாடி ஓரத்தில் மட்டும் பிடித்து, உள்ளே ஒழுகுவதைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் ஒப்புக்கொள்ளுங்கள், காட்டாமல் கழற்ற விடாதீர்கள். ஆனால் அந்த வேலையை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒட்டிய கண்ணாடி கூரையின் உறுதியில் பங்கு வகிக்கிறது, பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடியில் முட்டித்தான் நிற்கிறது. அதை ஒட்டுவது யூரித்தேன் பசை, தகட்டுக்கு அடிப்பூச்சு போட்டு, இறுகும் நேரம் கொடுத்துச் செய்கிற வேலை. நீங்கள் கேட்ட சிலிக்கான் இங்கேதான் தீங்கு செய்கிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், வினிகர் வாசனை அடிக்கும் வகை இறுகும்போது அமிலம் விட்டுத் தகட்டை அரிக்கும். அதைவிட மோசம், ஒரு முறை சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு யூரித்தேன் சரியாகப் பிடிக்காது. பின்னால் முறையாக ஒட்ட வருகிறவர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் படாத பாடு படுவார். தகட்டு இணைப்பு திறந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் பாடி சீலர் என்று கேட்டு வாங்கி, துருவைச் சுரண்டி, நன்றாகக் காய்ந்த தகட்டில் பூசுங்கள்.

சன்ரூஃப் உள்ள காராக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சன்ரூஃபைச் சுற்றி ஒரு தொட்டி, அதன் மூலைகளிலிருந்து தூண்கள் வழியாக இறங்கும் மெல்லிய குழாய்கள். திறந்து, மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அது வண்டிக்கு வெளியே வர வேண்டும். வராவிட்டால் புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை மென்மையாக விட்டு எடுக்கலாம். டிக்கியில், ஸ்டெப்னி கிடக்கும் குழியில் தண்ணீர் என்றால் பின் விளக்குகளின் ரப்பரையும் டிக்கி பீடிங்கையும் பாருங்கள். நண்பர் ஒருவரை டார்ச்சோடு டிக்கிக்குள் உட்கார வைத்தால் விரைவில் தெரிந்துவிடும். மூடும் முன், பின் இருக்கையை மடக்கி அவர் வெளியே வர வழி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியை அடைத்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். காயவைப்பது பாதி வேலை. ஈரமான அடிவிரிப்பில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் இருந்தால் அந்தக் காற்று ஆகாது. வாசனைத் திரவியம் அடிப்பதால் எதுவும் மாறாது. முன் இருக்கையைக் கழற்றினால்தான் விரிப்பை முழுதாகத் தூக்க முடியும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்குக்கோ சீட் பெல்ட்டுக்கோ போவது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, பிறகு தொடுங்கள். அந்த மஞ்சள் கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்ப வேண்டாம், எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றுவிடும். விரிப்பைப் பிழிந்து நல்ல வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். தகட்டைத் துடைக்கும்போது எர்த் போல்ட்டுகளையும் கனெக்டர்களையும் பாருங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். சென்ட்ரல் லாக் தானாகத் திறப்பது, ஏர்பேக் விளக்கு விட்டுவிட்டு எரிவது போன்ற தொல்லைகளுக்குப் பல கார்களில் இந்த ஈரமே காரணம்.

நான் எழுதியதெல்லாம் பெட்ரோல், டீசல் கார்களில் செய்து பார்த்தது. மின்சாரக் காரிலோ ஹைபிரிட்டிலோ ஆரஞ்சு நிற கேபிள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு, அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் கொண்டுபோங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நடந்தது போல, வெள்ளத்தில் இருக்கை மட்டத்துக்கு மூழ்கிய காருக்கும் இந்தப் பதில் பொருந்தாது. அந்தக் காரை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டுபோய், இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்வதுதான் முதல் வேலை.

தாம்பரத்துக்காரருக்கு: இன்று மாலையே ஏசியைப் போட்டு இருபது நிமிடம் கழித்து வண்டிக்கு அடியில் பாருங்கள். தரை காய்ந்திருந்தால் கேபிள் டை ஒன்று போதும். நனைந்திருந்தால் காபின் ஃபில்டரை உருவிப் பார்த்துவிட்டு, அது காய்ந்திருந்ததா நனைந்திருந்ததா என்பதையும், வண்டியில் பின்னால் என்னென்ன பொருத்தினீர்கள் என்பதையும் இங்கே எழுதுங்கள். சரிசெய்த பிறகும் கார்பெட்டை உடனே மாட்டிவிடாதீர்கள். ஒரு நல்ல மழை பெய்து, தகடு காய்ந்தே இருப்பதைப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.